தாரை எடுத்துவிட்டு மண்ணைப் போடுகிறார்களா? பாரிஸ் பாடசாலை முற்றங்கள் பற்றி நம் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

பாரிஸின் வட பகுதியில் உள்ள ஓர் ஆரம்பப் பாடசாலையில் என் பிள்ளைகள் இருவரும் படிக்கிறார்கள். பெற்றோர் கூட்டங்களில் பிரெஞ்சில் பேசப்படுவதைப் பக்கத்தில் இருப்பவருக்குத் தமிழில் சொல்லத் தொடங்கினேன். ஆறேழு ஆண்டுகளில் அது எனக்கு நிரந்தர வேலையாகிவிட்டது. முற்றத்தின் தாரை உடைத்து மண்ணும் மரமும் வைக்கப்போகிறார்கள் என்ற செய்தி வந்த நாளிலிருந்து, மாலை நாலரை மணிக்கு வாசலில் காத்து நிற்பவர்கள் அதைப் பற்றித்தான் கேட்கிறார்கள். லா ஷப்பல் கடைத்தெருவில் கண்டாலும் அதே கேள்விகள். கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி, பதிலையும் கீழே தந்திருக்கிறேன்.

முற்றத்தை மாற்றப்போகிறார்கள் என்றால் சரியாக என்ன செய்யப்போகிறார்கள்?

இந்த நகரத்தின் பாடசாலை முற்றங்கள் பெரும்பாலும் சுவரிலிருந்து சுவர் வரை கறுப்புத் தார். நடுவே ஒன்றிரண்டு மரங்கள், அவற்றின் அடியையும் இரும்புக் கம்பி வலை மூடியிருக்கும். அந்தத் தாரின் பெரும் பகுதியை உடைத்து எடுத்துவிட்டு, மண், மரச்சீவல், புல், வெளிர்நிறமான நீர் உறிஞ்சும் தரை ஆகியவற்றைப் போடுகிறார்கள். மரங்கள், செடிகொடிகள், நிழற்பந்தல், குடிநீர்க் குழாய், மழைநீர் இறங்கும் தாழ்வான பாத்திகள் வருகின்றன. இத்தகைய முற்றத்துக்கு நகரசபை வைத்த பெயர் ‘ஓயாசிஸ்’. நாம் பாலைவனச் சோலை என்போமே, அதே சொல்.

2017 இல் பாரிஸ் நகரசபை ஏற்றுக்கொண்ட ஒரு நீண்டகாலத் திட்டத்தில் இந்த யோசனை இடம்பெற்றது. 2018 கோடையில் மூன்று பாடசாலைகளில் முதலில் செய்து பார்த்தார்கள். பிறகு ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு பத்துப் பாடசாலைகளில் அளந்து, ஆராய்ந்து, விரிவாகச் செய்தார்கள். இன்று நூற்றுக்கும் மேற்பட்ட முற்றங்கள் இப்படி மாறியிருக்கின்றன. நகரம் முழுவதிலுமுள்ள பாடசாலை முற்றங்களைச் சேர்த்தால் எழுபது ஹெக்டேருக்கும் மேல் வருகிறது. பாரிஸில் புதிதாகப் பூங்கா அமைக்க இவ்வளவு நிலத்தை வேறு எங்கும் தேட முடியாது.

வெயிலில் முற்றம் சுடுவது எப்போதும் உள்ளதுதானே? இப்போது என்ன புதிதாக?

2003 ஓகஸ்டில் வந்த வெப்ப அலையில் பிரான்சில் ஏறத்தாழ 15,000 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் முதியவர்கள், தனியே இருந்தவர்கள். அப்போது பாடசாலைகளுக்கு விடுமுறை. இப்போது வெக்கை ஜூனிலேயே வந்துவிடுகிறது. இங்கே வகுப்புகள் ஜூலை தொடக்கம் வரை நடக்கின்றன என்பதை மறக்கக்கூடாது. 2019 ஜூன் இறுதியில் நாடு முழுவதும் பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகள் எழுதும் ‘ப்ரெவே’ பரீட்சையையே சில நாட்கள் தள்ளிவைத்தார்கள். அடுத்த மாதம் 25 ஆம் திகதி பாரிஸில் 42.6 பாகை செல்சியஸ் பதிவானது. இந்த நகரத்தில் இதுவரை பதிவானதில் அதுவே உச்சம். 2025 ஜூலை முதலாம் திகதி நாடெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாடசாலைகள் முழுதாகவோ பகுதியாகவோ மூடப்பட்டன. அன்று வேலைக்கு லீவு போட முடியாமல் பிள்ளையை உணவகச் சமையலறையின் பின்பக்கத்தில் உட்கார வைத்திருந்த அப்பாக்களை எனக்குத் தெரியும்.

தார்த் தரைக்கும் மண் தரைக்கும் அப்படி என்ன பெரிய வித்தியாசம்?

ஒரு முறை கையை வைத்துப் பாருங்கள். எங்கள் முற்றத்தின் தாரை உடைப்பதற்கு முன், ஒரு ஜூன் பிற்பகலில், பழைய முற்றத்தில் மூன்று அம்மாக்களோடு அதைத்தான் செய்தேன். தாரில் உள்ளங்கையை வைத்து ஐந்து எண்ணுவதற்குள் எடுத்துவிட்டோம். பக்கத்திலேயே மரத்தடியில், கம்பி வலையைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு மண் இருந்தது. அதில் எவ்வளவு நேரமும் கை வைத்திருக்க முடிந்தது. இரண்டுக்கும் இடையே இரண்டடி தூரம்கூட இல்லை.

கறுப்புத் தார் வெயிலை ஏறத்தாழ முழுதாக விழுங்கிவிடும். கடும் கோடையில் அதன் மேற்பரப்பு 60 பாகையைத் தொடும். ஐந்து வயதுப் பிள்ளையின் முகம் அந்தத் தரையிலிருந்து ஒரு மீற்றர் உயரத்தில்தான் இருக்கிறது என்பதையும் யோசியுங்கள். ஈரமண் அப்படிச் சுடாது. அதில் உள்ள நீர் ஆவியாகும்போது வெப்பத்தையும் கொண்டுபோகிறது. ஊரில் பின்னேரம் முற்றம் கூட்டித் தண்ணீர் தெளித்தால் வெக்கை தணிவதை நாம் எல்லோரும் பார்த்து வளர்ந்திருக்கிறோம். மரம் செய்வதும் அதேதான்: வேர் வழியே நீரை எடுத்து இலை வழியே விடுகிறது.

இன்னொன்று, இரவு. பகலில் விழுங்கிய வெப்பத்தைத் தாரும் கல்லும் இரவு முழுதும் வெளியே விடுகின்றன. அதனால்தான் 2003 இன் இரவுகளில் பாரிஸின் நடுப்பகுதி சுற்றுப்புற நாட்டுப்புறத்தை விட எட்டுப் பாகை அளவுக்குச் சூடாக இருந்தது. உடம்பு இளைப்பாற வேண்டிய நேரம் அது. முற்றத்தைச் சுற்றிய மாடிவீடுகளில் படுப்பவர்களுக்கும் இது சொந்த விஷயம்.

சரி, எத்தனை பாகை குறையும்? ஒரு கணக்குச் சொல்லுங்கள்.

பத்துப் பாகை குறையும், பதினைந்து குறையும் என்று சிலர் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று கேளுங்கள். தரையின் மேற்பரப்பு என்றால் அந்த அளவுக்கும் குறையலாம். காற்றின் வெப்பநிலை அவ்வளவு குறையாது. ஒரு சிறிய முற்றத்தில் காற்று நிற்பதில்லை, தெருவிலிருந்து வந்துகொண்டே இருக்கும். நிழலில் தொங்கவிட்ட வெப்பமானி சிறிய வித்தியாசத்தையே காட்டும்.

ஆனால் பிள்ளையின் உடம்பு வெப்பமானி இல்லை. மேலிருந்து வெயில் படுகிறதா, கீழிருந்து தரை சுடுகிறதா, காற்று ஈரமாக இருக்கிறதா என்பதெல்லாம் சேர்ந்துதான் உடம்புக்குத் தெரியும் சூடு. அந்தக் கணக்கில் நல்ல நிழலுக்கும் திறந்த தாருக்கும் பல பாகை வித்தியாசம். அதனால் எங்கள் கூட்டத்தில் திட்ட வரைபடத்தைக் காட்டியபோது நான் கேட்ட ஒரே கேள்வி: “பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை நிழல் எங்கே விழும்?” நீங்களும் அதையே கேளுங்கள்.

நட்ட மரம் நிழல் தர இருபது வருடம் ஆகுமே. அதற்குள் என் மகன் பல்கலைக்கழகம் போய்விடுவான்.

நியாயமான கவலை. கன்று மரமாகிக் குடை விரிக்கப் பதினைந்து, இருபது வருடம் ஆகும். அதனால்தான் மரத்தை மட்டும் நம்பிச் செய்யும் திட்டம் பாதித் திட்டம். துணிப்பந்தல், கொடி படரும் மரச்சட்டம் ஆகியவை முதல் கோடையிலேயே நிழல் தரும். கொடிகள் இரண்டு மூன்று வருடத்தில் சட்டத்தை மூடிவிடும்.

ஏற்கெனவே நிற்கும் பெரிய மரத்துக்குச் செய்வது இன்னும் பெரிய பலன். அதன் அடியில் உள்ள தாரை உடைத்து வேருக்குக் காற்றும் நீரும் போக வழிவிட்டால், பல வருடமாகத் திணறிக்கொண்டிருந்த மரம் தழைக்கத் தொடங்கும். வேலை தொடங்கும்போது இயந்திரம் வேரில் ஏறி மிதிக்காமல் பார்ப்பது மிக முக்கியம். ஐம்பது வருட மரம் ஒன்றை இழந்துவிட்டுப் பத்துக் கன்றுகளை நடுவதில் பயன் இல்லை.

வகுப்பறைகளுக்கு ஏசி போட்டால் முடிந்ததுதானே? ஏன் இந்தச் சுற்றுவழி?

ஏசி வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். கடும் வெப்ப நாளில் ஒரு பாடசாலைக்கு ஒரு குளிர்ந்த அறையாவது வேண்டும். ஆனால் ஏசி உள்ளே எடுக்கும் வெப்பத்தை வெளியே தள்ளுகிறது. ஏசி எவ்வளவு ஓடுகிறது என்பதைப் பொறுத்து பாரிஸ் தெருக்களின் இரவு வெப்பநிலை அரைப் பாகையிலிருந்து இரண்டு பாகை வரை கூடலாம் என்று பிரெஞ்சு வானிலை ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். இடைவேளைக்குப் பிள்ளைகளை எங்கே விடுவது என்பதற்கும் ஏசியிடம் பதில் இல்லை. யன்னலுக்கு வெளியே சாய்வுத் தட்டி, கூரைக்கு வெள்ளைப் பூச்சு, முற்றத்துக்கு நிழல், இவை முதலில். ஏசி அதற்குப் பிறகு.

அக்கா, பிள்ளை தினமும் சேறும் சகதியுமாக வருவாள். யார் தோய்ப்பது?

இதுதான் அதிகம் கேட்கப்படும் கேள்வி. கேட்பவர்கள் பெரும்பாலும் இரண்டு இடத்தில் வேலை செய்துவிட்டு இரவு எட்டு மணிக்கு வீட்டுக்கு வரும் தாய்மார். வீட்டில் உடுப்புக் காயப்போட ஒரு கொடிகூட இல்லாத ஒற்றை அறை. அதனால் “மண் நல்லது, விளையாடட்டும்” என்று வாயால் சொல்லிவிட்டுப் போவது சரியில்லை.

நன்றாகச் செய்த முற்றத்தில் வெறும் மண் குறைவு. நடைபாதைகளில் நீர் உறிஞ்சும் கடினத் தரை, விளையாடும் இடத்தில் மரச்சீவல். மரச்சீவல் சேறாகாது, ஆனால் சப்பாத்துக்குள் புகும். என் மகள் வீட்டு வாசலில் சப்பாத்தைக் கவிழ்த்தால் தினமும் ஒரு கைப்பிடி விழும். முதல் மாதம் எனக்குக் கோபம் வந்தது. பிறகு கதவடியில் ஒரு பழைய தட்டு வைத்தேன். இப்போது அவள் தானே தட்டிவிட்டு உள்ளே வருகிறாள்.

பாடசாலையில் கேட்டு வாங்க வேண்டியவை மூன்று: வகுப்பு வாசலில் பெரிய கால்மிதி, மழைச்சப்பாத்து வைக்க ஓர் அடுக்கு, துப்புரவு ஊழியர்களுக்குக் கூடுதல் நேரம். மூன்றாவதை நாம் கேட்காவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். முற்றம் மாறியதும் வகுப்பறைத் தரையில் வரும் மண்ணைக் கூட்டுபவர்களும் நம்மைப் போன்ற தாய்மார்தான். திட்டம் போடும் மேசையில் அவர்களுக்கும் ஓர் இருக்கை இருந்ததா என்று கூட்டத்தில் கேட்டேன். எங்கள் பாடசாலையில் முதலில் இல்லை. கேட்ட பிறகு அழைத்தார்கள்.

பெரிய கட்டைகளும் கற்களும் கிடக்கின்றனவே. விழுந்தால் மண்டை உடையாதா?

தாரில் விழுந்தால்தான் உடையும். விளையாட்டுத் தரைக்கு ஐரோப்பியத் தர அளவு உண்டு: ஏறி விளையாடும் அமைப்பின் உயரத்தைப் பொறுத்து அடியில் மரச்சீவல் முப்பது சென்ரிமீற்றர் அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். அது குறைந்தால்தான் ஆபத்து. பிள்ளைகள் மிதித்து மிதித்து ஓரத்துக்குத் தள்ளிவிடுவார்கள். வருடத்துக்கு ஒரு முறையாவது புதிதாக நிரப்புகிறார்களா என்று கேளுங்கள்.

நகரத்து மண்ணில் ஈயம் இருக்குமாம். செடிகளும் நஞ்சாக இருந்தால்?

இருக்கலாம். பழைய வண்ணப்பூச்சு, பழைய பெற்றோல், தொழிற்சாலைகள் என்று பாரிஸ் மண்ணில் ஈயம் கலந்த இடங்கள் உண்டு. அதனால் தாரை எடுத்தவுடன் பிள்ளைகளை விடக்கூடாது. மண்ணைப் பரிசோதித்து, தேவையான இடத்தில் மேல்மண்ணை அகற்றி, சுத்தமான மண் போட வேண்டும். பரிசோதனை முடிவைக் கேட்கப் பெற்றோருக்கு உரிமை உண்டு. கேட்பதில் தயங்க வேண்டாம்.

செடிகளில் நஞ்சுள்ளவற்றைத் தவிர்க்கிறார்கள். இங்கே பூந்தோட்டங்களில் அழகுக்கு வைக்கும் அலரியும் அதில் ஒன்று. அலரியின் நஞ்சு பற்றி யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பூந்துகளால் தும்மலும் இழுப்பும் கூடும் பிள்ளைகள் இருந்தால் பாடசாலைக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். பூந்துகள் அதிகம் விடும் பேர்ச் போன்ற மரங்களை முற்றத்தில் தவிர்க்கலாம்.

மழைத்தண்ணீர் தேங்கினால் நுளம்பு வரும், டெங்கு வரும். இதை யாரும் யோசிக்கவில்லையா?

ஊரில் டெங்குக்கு உறவினரைப் பறிகொடுத்தவர் கேட்ட கேள்வி இது. டெங்குவைப் பரப்பும் புலி நுளம்பு பாரிஸிலும் குடியேறிவிட்டது. 2023 இல் பாரிஸைச் சுற்றிய இல்-து-பிரான்ஸ் மாகாணத்தில், வெளிநாடு போகாத ஒருவருக்கு முதல் முறையாக டெங்கு தொற்றியது. ஆகவே கவலை வீண் இல்லை.

ஆனால் நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏறத்தாழ ஒரு வாரம் வேண்டும். சரியாக அமைத்த மழைநீர்ப் பாத்தியில் தண்ணீர் ஒன்றிரண்டு நாளில் இறங்கிவிடும். மூன்றாம் நாளும் தண்ணீர் நின்றால் வடிகால் பிழை என்று அர்த்தம், உடனே சொல்ல வேண்டும். புலி நுளம்பு பெரிய குளத்தைத் தேடுவதில்லை. பூச்சட்டித் தட்டு, மறந்துபோன வாளி, மழைநீர்ப் பீப்பாய், நீர்வார்க்கும் பூவாளியின் அடி, இவைதான் அதற்கு வீடு. பீப்பாய்க்கு வலை மூடி, வாளியைக் கவிழ்த்து வைக்கும் பழக்கம். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதில் நம் பெற்றோர் இங்குள்ள ஆசிரியர்களை விட முன்னே நிற்கலாம்.

வடக்குப் பாரிஸில் மழைநீரை நிலத்தில் இறக்கக்கூடாது என்று ஒருவர் அடித்துச் சொன்னார். உண்மையா?

ஒரு பகுதி உண்மை. நாம் வாழும் இந்தப் பக்கத்தின் நிலத்தடியில் ஜிப்சம் படிவு இருக்கிறது. மொன்மார்த்ர் மேட்டிலிருந்து தோண்டிய அந்தக் கல்லால்தான் ‘பிளாஸ்டர் ஒஃப் பாரிஸ்’ என்ற பெயரே வந்தது. ஜிப்சம் நீரில் கரையும். ஒரே இடத்தில் அதிக நீரை ஆழமாக இறக்கினால் நிலத்தடியில் பொந்து விழுந்து, மேலே நிலம் தாழலாம். தோண்டி எடுத்த பழைய சுரங்கங்களும் சில இடங்களில் இருக்கின்றன.

அதற்காக முற்றம் முழுவதும் தாராகவே இருக்க வேண்டும் என்பதில்லை. நீரை ஒரு குழியில் சேர்க்காமல் முற்றமெங்கும் மெல்லிதாகப் பரப்பி, மேல்மண்ணிலேயே பிடித்துவைத்து, செடிகள் குடிக்கவும் ஆவியாகவும் விடலாம். இதற்கு நிலத்தடி தெரிந்த பொறியியலாளர் வேண்டும். “தெற்கே அந்தப் பாடசாலையில் செய்ததுபோல் எங்களுக்கும் செய்யுங்கள்” என்று கேட்பதற்கு முன் இதை நினைவில் வையுங்கள்.

நீரைப் பிடித்துவைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பாரிஸின் பெரும் பகுதியில் மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் போகின்றன. பெருமழையில் குழாய் நிரம்பினால் கலந்த நீர் சேன் நதியில் வழியும். 2024 ஒலிம்பிக்குக்கு முன் ஓஸ்தர்லிட்ஸ் ரயில் நிலையத்துக்கு அருகே 50,000 கனமீற்றர் கொள்ளும் நிலத்தடித் தொட்டி கட்டியது இதற்காகத்தான். முற்றத்தில் நின்றுபோகும் ஒவ்வொரு மழையும் அந்தக் குழாய்க்கு ஒரு இளைப்பாறல்.

பந்தடிக்க இடம் போய்விடும் என்று மகன் அழுகிறான்.

என் மகனும் அழுதான். பழைய முற்றத்தில் நடுவே பந்து, அதை அடிப்பவர்கள் ஒரு பத்துப் பன்னிரண்டு பேர், மீதி எல்லோரும் சுவரோரம். என் மகள் இரண்டு வருடம் கழிப்பறைச் சுவரில் சாய்ந்தே இடைவேளையைக் கழித்திருக்கிறாள் என்பது எனக்குத் தெரியாது. திட்டத்துக்காகப் பிள்ளைகள் வரைந்த வரைபடத்தில்தான் கண்டேன். பல பாடசாலைகளில் பெண்பிள்ளைகள் இப்படித்தான் ஓரத்துக்குப் போகிறார்கள். இந்தத் திட்டத்தின் நோக்கங்களில் ஒன்று அதைச் சரிசெய்வதும்தான்.

பந்தடிக்கும் இடம் போகவில்லை, சிறுத்து ஒரு பக்கத்துக்குப் போனது. மகன் இரண்டு வாரம் முகத்தைத் தூக்கிக்கொண்டிருந்தான். இப்போது கட்டைகளின் மேல் ஏறிக் குதிக்கிறான்.

இதற்கு யார் பொறுப்பு? நகரசபையா, அதிபரா, அரசாங்கமா? யாரைப் பிடித்துக் கேட்பது?

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள், கோபப்படுகிறார்கள். ஆரம்பப் பாடசாலையின் கட்டடமும் முற்றமும் நகரசபையின் சொத்து. ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுப்பது அரசின் கல்வி அமைச்சு. பிள்ளைகள் மரத்தடியில் பாடம் படிக்கலாமா என்பது ஆசிரியர் கையில், அந்த மரத்துக்குத் தண்ணீர் விடுவது நகரசபை கையில். ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல் ஆளுக்கு ஒரு பக்கம் வேலை செய்தால் முற்றம் ஒரு வருடத்தில் பாழாகும்.

முதல் பத்துப் பாடசாலைகளில் இதற்காகவே பல கைகளைச் சேர்த்தார்கள். நகரசபை பணத்தையும் வேலையையும் ஏற்றது. பாரிஸின் கட்டடக்கலை, நகரமைப்பு ஆலோசனை மன்றம் பிள்ளைகளோடு உட்கார்ந்து முற்றத்தை வரைந்தது. 1866 இல் தொடங்கிய பழைய கல்விக் கழகம் ஒன்று அக்கம்பக்கத்தவரோடு பேசும் பொறுப்பை எடுத்தது. தேசிய வானிலை நிறுவனமான மெத்தேயோ பிரான்ஸ் வெப்பம் பற்றிய அறிவைத் தந்தது. சியோன்ஸ் போ பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் பிள்ளைகளின் பழக்கம் மாறியதா என்று பார்த்தார்கள்.

உங்கள் கேள்விக்கு நேர்ப்பதில்: வகுப்பு சம்பந்தப்பட்டதை அதிபரிடமும், குழாய், மரம், தரை சம்பந்தப்பட்டதை வட்டார நகரசபையிடமும் கேளுங்கள். எதுவென்று தெரியாவிட்டால் பாடசாலைச் சபையில் எழுப்புங்கள். அங்கே இரு தரப்பும் ஒரே மேசையில் இருப்பார்கள், தட்டிக்கழிக்க முடியாது.

ஏழு வயதுப் பிள்ளைகளிடம் கருத்துக் கேட்டார்களாம். அவர்களுக்கு என்ன தெரியும்?

பெரியவர்களுக்குத் தெரியாததெல்லாம் தெரியும். எங்கே ஒளியலாம், எங்கே மழையில் வழுக்கும், எந்த மூலையில் பெரிய பையன்கள் சிறியவர்களை மடக்குவார்கள், வெயில் எந்த நேரத்தில் எந்தச் சுவரைச் சுடும். பிள்ளைகள் தாங்கள் போகும் இடத்துக்குப் பச்சையும் பயப்படும் இடத்துக்குச் சிவப்பும் பூசினார்கள். கழிப்பறை வாசல் முழுக்கச் சிவப்பு. கட்டடக்கலைஞர் அங்கே நினைத்திருந்த புதரை வேறு பக்கம் மாற்றியதற்குக் காரணம் அந்தச் சிவப்பு.

இவ்வளவுக்கும் காசு எங்கிருந்து வருகிறது? நம் வரியா?

பெரும்பாலும் நகரத்தின் பணம். முதல் பத்து முற்றங்களுக்கு ஐரோப்பியப் பிராந்திய அபிவிருத்தி நிதியத்திலிருந்து ஏறத்தாழ 50 இலட்சம் யூரோ கிடைத்தது. ஆய்வு, பட்டறை, அளவீடு எல்லாம் அதற்குள் அடக்கம். வெறும் தாரைப் புதுப்பிப்பதை விட இது செலவு கூடியதுதான். ஆனால் தாருக்கும் சில பத்தாண்டுக்கு ஒரு முறை செலவு உண்டு. எப்படியும் உடைக்கவேண்டிய நேரம் வரும் முற்றத்தை முதலில் எடுப்பதே புத்திசாலித்தனம்.

சனிக்கிழமைகளில் வெளியாருக்குத் திறந்துவிடுவார்களாமே. சிகரெட் துண்டும் போத்தலும் கிடக்காதா?

மாறிய முற்றங்களில் பலவற்றை சனிக்கிழமைகளில் அக்கம்பக்கக் குடும்பங்களுக்குத் திறக்கிறார்கள். கதவைத் திறந்துவிட்டுப் போவதில்லை, பொறுப்பாளர் இருப்பார். வகுப்பறைகள் பூட்டியிருக்கும். திங்கள் காலை பிள்ளைகள் வருமுன் முற்றத்தைப் பார்வையிட வேண்டும். அதைச் செய்வது யார் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். முன்பு சொன்ன துப்புரவு நேரம் இங்கேயும் வருகிறது.

எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு. முப்பது சதுர மீற்றர் வீட்டில் நாலு பேராக இருப்பவர்கள் நாம். வார இறுதியில் பூட்டிக் கிடக்கும் நிழல் நமக்கு எந்தப் பயனும் தராது. திறப்பதை எதிர்க்காமல், ஒழுங்காகத் திறக்கும்படி கேட்போம்.

என் அம்மாவுக்கு 78 வயது. வெப்ப அலை நாளில் அங்கே கொண்டுபோய் இருத்தலாமா?

பாடசாலை நேரத்தில் முடியாது. திறக்கும் நாளில் நிழலும் இருக்கையும் குடிநீரும் இருந்தால் காலையில் கூட்டிப்போகலாம். ஆனால் கடும் வெப்பத்தின் பிற்பகலில் முதியவருக்குத் திறந்தவெளி நிழல் போதாது, குளிர்ந்த அறை வேண்டும். நகரசபை வெளியிடும் குளிர்மை இடங்களின் வரைபடத்தில் நூலகம், தேவாலயம், அருங்காட்சியகம் எல்லாம் குறிக்கப்பட்டிருக்கும்.

அதைவிட முதலில் செய்யவேண்டியது, முதியவர்களுக்காக நகரசபை வைத்திருக்கும் ‘ரெஃப்ளெக்ஸ்’ பதிவேட்டில் அம்மாவின் பெயரைப் பதிவது. 3975 என்ற நகரசபை எண்ணில் பதியலாம். வெப்ப அலை எச்சரிக்கை வந்தால் அவர்களே தொலைபேசியில் அழைத்து நலம் விசாரிப்பார்கள். நம் முதியவர்களில் பலர் பிரெஞ்சு பேசாதவர்கள். பதியும்போதே பிள்ளையின் எண்ணையும் கொடுத்துவிடுங்கள்.

வேறு நகரங்களில் இதைச் செய்திருக்கிறார்களா, அல்லது நம் பிள்ளைகள்தான் சோதனையா?

ஸ்பெயினில் பார்சலோனா நகரம் பதினொரு பாடசாலைகளை இப்படி மாற்றியது. பணம் அதே ஐரோப்பிய நிதியம்தான். நீலம், பச்சை, சாம்பல் என்று மூன்றாகப் பிரித்தார்கள்: நீலம் என்றால் நீர், பச்சை என்றால் செடி, சாம்பல் என்றால் கட்டட வேலை. இருபதுக்கும் மேற்பட்ட நீர்க்குழாய்கள், 2,200 சதுர மீற்றருக்கும் மேல் பந்தல் நிழல், எழுபதுக்கு மேல் மரங்கள். மரத்தை விடப் பந்தலுக்கு அவர்கள் கொடுத்த இடத்தைக் கவனியுங்கள். வகுப்பில்லாத நேரத்தில் அவை அக்கம்பக்கத்துக்கான ‘காலநிலைப் புகலிடம்’. நூலகம், பூங்கா, சமூக மையம் என நகரெங்கும் வைத்திருக்கும் புகலிட வலைப்பின்னலில் அவையும் ஒரு பகுதி.

நியூயோர்க்கில் ஒரு நில அறக்கட்டளை பல ஆண்டுகளாகப் பாடசாலை முற்றங்களை மாற்றுகிறது. அங்கே நகரத்தின் நீர் வழங்கல் துறையும் பணம் போடுகிறது. முற்றம் உறிஞ்சும் மழை, கழிவுநீர்க் குழாயில் வழியாத மழை என்பது அவர்கள் கணக்கு.

எங்கள் பாடசாலை பட்டியலில் இல்லை. எனக்குப் பிரெஞ்சுக் குடியுரிமையும் இல்லை. நான் என்ன செய்ய முடியும்?

நிறைய. ஒவ்வோர் ஆண்டும் ஒக்டோபரில் பெற்றோர் பிரதிநிதித் தேர்தல் நடக்கும். அதில் வாக்களிக்கவும் போட்டியிடவும் குடியுரிமை தேவையில்லை, அங்கே படிக்கும் பிள்ளை இருந்தால் போதும். தெரிவானவர்கள் பாடசாலைச் சபையில் இருப்பார்கள், சபை தவணைக்கு ஒரு முறையாவது கூடும். முற்றம் பற்றிய கோரிக்கையை அங்கே எழுத்தில் வைத்தால் அது அறிக்கையில் ஏறும்.

இன்னொரு வழி, பாரிஸின் பங்கேற்பு வரவுசெலவு. நகரவாசிகள் யோசனை கொடுத்து, தாங்களே வாக்களித்துப் பணம் ஒதுக்கும் முறை இது, 2014 இல் தொடங்கியது. இங்கும் நாட்டுரிமை பார்ப்பதில்லை, பிள்ளைகளும் வாக்களிக்கலாம். பாடசாலை முற்றங்கள் சில இந்த வழியில் பணம் பெற்றிருக்கின்றன. கூட்டத்துக்கு வர மொழி தடை என்றால் என்னைப் போல் ஒருவர் உங்கள் வாசலிலும் நிற்பார். கேளுங்கள்.

பக்கத்துப் பாடசாலையில் போன வருடம் நட்ட மரங்கள் சில பட்டுப்போய்விட்டன. பிறகு எதற்கு இந்தப் பாடு?

பார்த்தேன். வேலிக்கு வெளியே நின்று பார்த்தாலே தெரிகிறது, மூன்று கன்றுகள் காய்ந்து குச்சியாக நிற்கின்றன. புதிய கன்றுக்கு முதல் மூன்று கோடையும் தண்ணீர் ஊற்றியே ஆக வேண்டும். இங்கே ஓகஸ்டில் பாடசாலை பூட்டியிருக்கும், ஆசிரியர் இல்லை, பிள்ளைகள் இல்லை, நகரமே பாதி வெறுமை. கன்று சாவது அந்த மாதத்தில்தான். எல்லோரும் வேறொருவர் ஊற்றுவார் என்று நினைத்திருப்பார்கள்.

எங்கள் பாடசாலையில் போன கோடையில் ஒரு தாளில் கிழமை வாரியாகப் பெயர் எழுதினோம். காவலாளரிடம் ஒரு சாவி, வட்டார நகரசபையின் அனுமதிக் கடிதம் ஒன்று, ஆறு குடும்பங்கள். ஊருக்குப் போகாமல் ஓகஸ்டில் பாரிஸில் தங்குபவர்கள் நம்மவர்களில்தான் அதிகம் என்பதால் ஆறில் நாலு தமிழ்க் குடும்பங்கள். ஒரு கன்றுக்கு வாரத்துக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் ஐந்து வாளி, வெயில் இறங்கிய பிறகு, வேரடியில் மெதுவாக. செப்டெம்பரில் கதவு திறந்தபோது பதினொரு கன்றில் பத்து பச்சையாக இருந்தது. இந்த வருடத் தாள் ஜூன் மாதம் வாசலில் ஒட்டப்படும். ஓகஸ்ட் மூன்றாம் கிழமைக்கு இன்னும் ஆள் வேண்டும்.